நரி வால் அளந்த ரயில்

மஞ்சம்பாறைக் காட்டில் மிருகங்களுக்கென்று ஒரு ரயில் இருந்தது. மரத் தண்டவாளம், மரப் பெட்டிகள், இழுப்பதற்கு இரண்டு காட்டெருமைகள். கோடை வந்தால் மேட்டுக் குளம் வற்றிவிடும். ஆறு இருப்பதோ வெகுதூரத்தில், மலையடிவாரத்தில். குட்டிகளும் சினை மான்களும் அந்த வெயிலில் நடந்து போனால் பாதி வழியில் சுருண்டு விழ வேண்டியதுதான். அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் ரயில்.

முன்பு அந்தப் பெட்டிகளைக் காட்டிலேயே செய்தார்கள். பாறைக்குப் பக்கத்தில் பெரிய பட்டறை இருந்தது. பிறகு நரி நல்லமுத்து ஒருமுறை பாலைவனத்துக்குப் போய் வந்து, "ஒட்டகங்க செய்யிற பெட்டி என்ன பளபளப்பு தெரியுமா? நாம எதுக்குக் கஷ்டப்படணும்?" என்றது. காடும் தலையாட்டியது. பட்டறைக்குப் பூட்டு விழுந்தது.

அன்றிலிருந்து பெட்டி வாங்கும் சாக்கில் நல்லமுத்து ஆண்டுதோறும் பாலைவனம் போகும். ஒட்டகங்களின் உபசாரத்தில் பேரீச்சம்பழம் தின்று தொப்பையோடு திரும்பும். பட்டறையில் வேலை பார்த்த குரங்குகளோ நெடுஞ்சாலை ஓரம் உட்கார்ந்து, கார்க்காரர்கள் எறியும் சிப்ஸ் பாக்கெட்டுக்குக் கையேந்தின. பார்க்கவே வயிறு எரியும்.

அந்த ஆண்டு பங்குனியிலேயே குளம் பாதியாகிவிட்டது. ரயிலைப் போய்ப் பார்த்தால், எல்லாப் பெட்டிகளிலும் அச்சும் சக்கரமும் முறிந்து கிடந்தன. காட்டுத் தலைவி பொம்மி யானை அவசரமாகக் கூட்டம் போட்டது.

"ஒட்டகங்களுக்குச் சொல்லி அனுப்பிட்டேன் தலைவி. மழைக்காலம் முடிஞ்சதும் அனுப்பறாங்களாம்" என்றது நல்லமுத்து.

"மழை பெஞ்ச பிறகு ரயில் எதுக்குப்பா? செவந்தியப் பாரு. அவ ஆத்துக்கு எப்படிப் போவா?" என்றது பொம்மி.

புள்ளிமான் செவந்தி நிறைசினையாக மர நிழலில் படுத்திருந்தது. நாலடி நடந்தாலே அதற்கு மூச்சு வாங்கியது.

முன்பு பட்டறையை நடத்திய கரடி மாடத்தி எழுந்து நின்றது. "பட்டறையத் திறந்து குடுங்க தலைவி. இருபது நாள்ல ஒரு பெட்டியாவது ஓட விடறேன்."

"வேலை தெரிஞ்சவங்க எத்தனை பேரு மிச்சம் இருக்காங்க?" என்று நரி இளித்தது.

"தெரியாதவங்க கத்துக்குவாங்க" என்றது மாடத்தி.

மறுநாளே பட்டறை திறந்தது. சடையன் என்ற குரங்கு தன் கூட்டத்தையே சாலையிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்துவிட்டது. அணில்கள் வந்தன. துளை போட மரங்கொத்திகள் வந்தன. இத்தனை நாள் வேலையில்லாமல் சும்மா திரிந்துகொண்டிருந்த கூட்டம், இப்போது காலையில் சேவல் கூவுமுன் வந்து நின்றது.

மஞ்சம்பாறையில் எதையும் வாலால் அளப்பதுதான் வழக்கம். மாடத்தியும் அப்படியே சொன்னது: "அச்சு மூணு வால் நீளம். சக்கரம் ஒரு வால் உயரம்." எல்லோரும் தலையாட்டிவிட்டு அவரவர் மூலைக்குப் போய் மும்முரமாக வேலை பார்த்தார்கள்.

பத்தாம் நாள் எல்லாவற்றையும் கொண்டு வந்து சேர்த்தார்கள். குரங்குகள் செதுக்கிய அச்சு தண்டவாளத்துக்கு இருபுறமும் நீட்டிக்கொண்டு நின்றது. அணில்கள் கொறித்துக் கொறித்துச் செய்த சக்கரங்கள் கை முறுக்கு அளவுதான் இருந்தன. வேடிக்கை பார்க்க வந்த நல்லமுத்து தரையில் விழுந்து புரண்டு சிரித்தது.

"வால்னா எங்க வால்தான்" என்றது சடையன்.

"எங்க வாலுக்கு என்ன குறைச்சல்?" என்று அணில்கள் சண்டைக்கு வந்தன.

மாடத்தி திரும்பித் தன் வாலைப் பார்த்தது. கட்டைவிரல் அளவுகூட இல்லை. அதற்கு வெட்கமாகிவிட்டது. "தப்பு என்னுது. எந்த வால்னு நான் சொல்லல. பத்து நாளை வீணாக்கிட்டேன்" என்று எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டது. பிறகு, "நரியாரே, கொஞ்சம் இங்க வாங்க" என்று கூப்பிட்டது.

"என்னையா?"

"ஆமா. இங்க யார் வாலை எடுத்தாலும் இன்னொருத்தர் மூஞ்சியத் தூக்கிக்குவாங்க. நீங்க ஒரு வேலையும் செய்யாதவரு. உங்க வால்தான் எல்லாருக்கும் பொது."

பாதி வசவு, பாதி புகழ்ச்சி. நல்லமுத்துவின் காதில் புகழ்ச்சி மட்டும் விழுந்தது. காட்டுக்கே தன் வால்தான் அளவா! பெருமையில் வாலை நன்றாக நீட்டிக் காட்டியது. மாடத்தி அதே நீளத்துக்கு ஒரு மூங்கில் குச்சியை வெட்டி, அதால் தண்டவாளத்தை அளந்து கணக்கைப் புதிதாகப் போட்டது. அந்தக் குச்சியை வைத்து இன்னும் இருபது குச்சிகள் வெட்டி, ஆளுக்கு ஒன்று கொடுத்தது.

வீட்டுக்குப் போனபின்தான் நரிக்கு உறைத்தது. ரயில் ஓடிவிட்டால் பேரீச்சம்பழம் போய்விடுமே! மறுநாள் வாலைச் சுருக்கிக்கொண்டு வந்து, "இன்னிக்கும் அளந்துக்கங்க" என்றது.

"வேண்டாம் நரியாரே. வால் நீளும், சுருங்கும். குச்சி அப்படியேதான் இருக்கும்."

அதன்பின் பட்டறையில் ஒரு புது விதி வந்தது. முதலில் குச்சி பிடித்து அளக்கப் பழக வேண்டும். பிறகுதான் உளியில் கை வைக்கலாம். முள்ளம்பன்றிகளும் கீரிகளும்கூடக் கற்றுக்கொள்ள வந்தன. வெளியே தனியாக நின்ற நல்லமுத்துவிடம் பேச ஆளே இல்லை. மூன்றாம் நாள் அது மெல்ல உள்ளே வந்தது.

"எனக்கும் ஏதாவது வேலை குடு மாடத்தி."

"போய்க் குச்சி பிடிச்சுப் பழகுங்க."

"என் வாலை வச்சு அளக்க நானே பழகணுமா?"

"வால் உங்களுது. வேலை தெரியணும்ல?"

முனகிக்கொண்டே பழகியது. கடைசியில் அச்சுக்கு ஆமணக்கெண்ணெய் போடுவதில் அதை மிஞ்ச ஆளில்லை என்றாகிவிட்டது.

இருபதாம் நாள் குளத்தில் சேறுதான் மிச்சம். ஒரே ஒரு பெட்டி தண்டவாளத்தில் ஏறி நின்றது. நான்கு சக்கரமும் ஒரே உயரம். செவந்தியையும் குட்டிகளையும் ஏற்றிக்கொண்டு காட்டெருமைகள் இழுக்க, பெட்டி கிளம்பியது. மாடத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே ஓடியது. பாறை வளைவிலும் சக்கரம் பிசகவில்லை. உச்சிவெயில் ஏறுவதற்குள் எல்லோரும் ஆற்றில் வாய் வைத்துக் குடித்தார்கள். அன்று சாயங்காலமே ஆற்றங்கரைப் புல்லில் செவந்தி இரட்டைக் குட்டி போட்டது. மாடத்தி அழுதேவிட்டது. அழுது முடித்ததும், அடுத்த பெட்டிக்கு மரம் பார்க்க மேடேறிப் போனது.

நமக்கு வேண்டியதை நாமே செய்யக் கற்றுக்கொண்டால் காரியமும் நடக்கும், பல பேருக்கு வேலையும் கிடைக்கும். ஆனால் பலர் கூடிச் செய்யும் வேலைக்கு எல்லோர் கையிலும் ஒரே அளவுகோல் இருக்க வேண்டும்.