காதுக்கு எட்டாத சத்தமும் ஒற்றை ஜன்னலும்

பூங்கோதையின் வீட்டு ஹாலுக்குக் காற்று வர இருந்தது ஒரே ஒரு ஜன்னல். நாளை கொத்தனார் வந்து அதைச் செங்கல் வைத்து அடைக்கப் போகிறார். யோசனை சொன்னவர் நாச்சிமுத்து, தலையாட்டியவர் அவள் புருஷன் சென்னியப்பன். ஞாயிறுதோறும் அங்கே கூடி இசைத்தட்டு கேட்கும் கூட்டத்துக்கு நாச்சிமுத்து சொன்னதுதான் வேதவாக்கு.

"மனுசக் காதுக்கு எட்டாத சத்தத்துலதானுங்க பாட்டோட உசுரே இருக்குது. அது பூராவும் இந்த ஜன்னல் வழியா ஓடிருது," என்றார் நாச்சிமுத்து. இரண்டு ஸ்பீக்கருக்கும் சரிநடுவில் அளந்து போட்ட நாற்காலி அவருக்கு. மற்றவர்கள் ஓரமாக உட்கார்ந்து "ஆமாங்க" போட வேண்டியதுதான்.

"எட்டாத சத்தம் உங்களுக்கு மட்டும் எப்படிங்ணா எட்டுது?" என்றாள் பூங்கோதை.

"என் காது வேற அம்மிணி. தோட்டத்து வௌவாலுக பேச்சுல தூக்கம் கெட்டுப்போயி, ஒருநா எந்திரிச்சு ஒரு அதட்டுப் போட்டேன். அன்னையிலிருந்து அதுக குசுகுசுன்னுதான் பேசுதுக."

யாரும் சிரிக்கவில்லை. படித்த மனுசர்கள் இப்படி வாயைப் பிளந்து கேட்கிறார்களே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போன மாசம் ஒரு வயலின் ரெக்கார்டு கேட்டேன். வாசிச்சவருக்கு அன்னைக்குக் கடவாய்ப்பல்லு வலி. எந்தப் பக்கம்னுகூடச் சொல்லிட்டேன்."

"அப்புறம் புடுங்கிட்டாருங்களா?" ஓரத்திலிருந்த ஒருவர் பயபக்தியோடு கேட்டார்.

"புடுங்குன சத்தம் ரெக்கார்டோட மறுபக்கத்துல இருக்குது."

பூங்கோதை அதற்கு மேல் பொறுக்கவில்லை. "நல்ல சத்தமெல்லாம் வெளிய போயிருதுங்கறீங்க. அப்ப உள்ள இருக்கறது வெறும் சக்கை. உங்களை இங்க உக்கார வெச்சா எங்களுக்குத்தானுங்க பாவம்," என்று நடு நாற்காலியைத் தூக்கிப்போய்த் தெருவில், ஜன்னலுக்கு நேராகப் போட்டாள். சொன்ன வாய்க்கு மறுக்க வழியில்லை. நாச்சிமுத்து வெயிலில் போய் உட்கார்ந்து கண்ணை மூடினார்.

"அடடா, இங்கதான் முழுசாக் கேக்குது. ஜன்னலை அடைச்சா இத்தனையும் உள்ளயே நிக்குமுங்க."

"இன்னும் ரெக்கார்டே வெக்கலைங்ணா," என்றாள் ஹாலுக்குள் திரும்பியிருந்த பூங்கோதை.

சென்னியப்பன் தரையைப் பார்த்தார். நாச்சிமுத்து கண்ணைத் திறக்கவே இல்லை. "தெரியும் அம்மிணி. வெக்கப்போற ரெக்கார்டுதான் கேக்குது. எட்டாத சத்தம் முந்தியே வந்துரும்."

"அப்ப வெக்க வேண்டியதே இல்லீங்க." பூங்கோதை ரெக்கார்டு பிளேயரின் சுவிட்சை அணைத்துவிட்டுப் புருஷனிடம் திரும்பினாள். "ஏனுங்க, கொத்தனாரையும் வர வேண்டாம்னு சொல்லிருங்க. அவரு நாளைக்குப் பூசற சத்தத்தை அண்ணன் இந்நேரம் கேட்டு முடிச்சிருப்பாரு."