சின்ன சிப்புக்குக் கட்டிய பரிவட்டம்

நத்தைப்பட்டிக்காரர்கள் சொன்னதைச் சொன்னபடியே செய்கிறவர்கள். அந்த ஒரு குணத்தாலேயே அவர்கள் எடுத்த காரியம் எதுவும் உருப்பட்டதில்லை.

நத்தைப்பட்டிக்கும் பக்கத்துக் கோரையூருக்கும் பொதுவில் ஒரு கண்மாய். கோடையில் தண்ணீர் இறங்கியதும் மீன்பிடித் திருவிழா நடக்கும். அதற்கு முன்னால் ஒரு போட்டி. ஜெயித்துக் கொடுத்தவனுக்குக் கரையில் வைத்துத் தலையில் பரிவட்டம் கட்டுவார்கள். அவன் தனியாகத் தண்ணீரில் இறங்கி, ஒரு முங்கு முங்கிக் கரையேற வேண்டும். அதன் பிறகுதான் மற்றவர்கள் வலையைத் தொடலாம். ஜெயித்த ஊர் முதலில், தோற்ற ஊர் பிறகு.

நத்தைப்பட்டிச் சோணைக்கு அந்தப் பரிவட்டத்தின் மேல் வெகுநாளாகக் கண். போட்டிக்கு ஆள் சேர்ப்பது, பந்தல் போடுவது, தண்ணீர் சுமப்பது எல்லாம் அவன். வருஷம் முழுக்கத் தூங்கிவிட்டு, அன்றைக்கு மட்டும் எழுந்து வந்து, இளவட்டக்கல்லை ஒரே தூக்காகத் தூக்கிவிட்டுப் பரிவட்டத்தோடு போகிறவன் அவனுடைய அண்ணன் பெத்தணன்.

இந்த வருஷம் கோரையூர் இளவட்டங்கள், “கல்லெல்லாம் வேண்டாம், கம்ப்யூட்டர்ல கார் ரேஸ்” என்று சொல்லிவிட்டார்கள். சோணைக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணனுக்குக் கம்ப்யூட்டர் தெரியாதே! தனக்கும் தெரியாது என்பது அவன் நினைவுக்கு வரவில்லை.

கூட்டாளிகள் ஒச்சுவையும் மாயழகுவையும் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போய், ஜமால் பாய் கடையில் ஊர்ப் பொதுவுக்கு ஒரு லேப்டாப் வாங்கினான். பாய் பொறுமையாக விளக்கினார்.

“இதுக்குள்ள படம் காட்ட ரெண்டு சிப்பு இருக்குப்பா. அன்னாட வேலையெல்லாம் சின்ன சிப்பு பாத்துக்கும். பாட்டு, சினிமா, எழுத்து எல்லாம் அதுதான். பேட்டரியை அதிகம் குடிக்காது. கேம் மாதிரி பெரிய வேலை வந்தாத்தான் பெரிய சிப்பு எழும்பும். ஜோரா ஓட்டும், ஆனா பேட்டரியைக் குடிச்சுத் தீத்துரும். அதனால ஒயரை மாட்டிக்குங்க. சூடாகும், காத்துப் படணும்.”

“பெருசை எழுப்ப நாங்க என்ன செய்யணும் பாய்?” என்றான் ஒச்சு.

“நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். அதுவா எழும்பும்.”

ஊருக்கு வந்து லேப்டாப்பை நடுவில் வைத்து, மூவரும் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்தார்கள். மாயழகு காதில் உட்கார்ந்த கொசுவைக்கூட விரட்டவில்லை. பொழுது சாய்ந்தது.

“இன்னும் எழும்பலையே?”

“எப்படி எழும்பும்? நீ தலையைச் சொறிஞ்ச. ஒண்ணும் செய்ய வேணாம்னு பாய் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு” என்று ஒச்சுவை அதட்டினான் மாயழகு.

சோணையின் மனம் வேறெங்கோ கொதித்துக்கொண்டிருந்தது.

“ஏண்டா, அன்னாடம் உழைக்கிறது சின்னது. தூங்கிட்டுக் கடைசியில எழும்புறது பெருசு. பேரு யாருக்கு? பெருசுக்கு! இது என்ன நியாயம்?”

“அது பெட்டிக்குள்ள நடக்குற நியாயம்ணே” என்றான் ஒச்சு.

“பெட்டிக்குள்ளயும் எங்க வீடுதானா!”

உடனே பாய்க்குப் போன் போட்டான். “மாத்தலாம்ப்பா. செட்டிங்ல போயி எந்த வேலைக்கு எந்த சிப்புன்னு நீங்களே சொல்லிரலாம். ஆனா…” என்றார் பாய். ‘ஆனா’ வந்ததும் சோணை போனை வைத்துவிட்டான். ஒவ்வொரு பொத்தானாக அமுக்கி, செட்டிங்கைக் கண்டுபிடித்து, கார் ரேஸைச் சின்ன சிப்புக்கும் காலண்டரைப் பெரிய சிப்புக்கும் ஒதுக்கினான்.

“கொஞ்ச நாள் அது தேதி பாக்கட்டும்” என்றான். “உழைச்சவனுக்குத்தான் பரிவட்டம். ஊரைக் கூட்டிச் சொல்றேன்.” அப்படியே ஊரைக் கூட்டிச் சொன்னான். ஊரும் சரியென்றது.

போட்டியன்று கண்மாய்க்கரைப் பந்தலில் ஊருக்கு ஒரு பிளக் கொடுத்திருந்தார்கள். அதில் லேப்டாப் ஒயரை மாட்டுவதா, காத்துப் பட ஃபேனை மாட்டுவதா?

“பாய் ஒயரை மாட்டச் சொன்னாரு. எந்த ஒயர்னு சொல்லலையே” என்றான் மாயழகு. ஃபேன் ஒயரை மாட்டினார்கள். ஒயரும் ஆச்சு, காத்தும் ஆச்சு.

நூறு சுற்றுப் பந்தயம். கோரையூர்க் கார் பறந்தது. சோணை பட்டனை அமுக்க அமுக்க, நத்தைப்பட்டிக் கார் நின்று நின்று வந்தது. ஒரு வளைவு திரும்புவதற்குள் ஒரு வெற்றிலை போட்டுவிடலாம்.

“ஸ்டாப்புல எல்லாம் நிறுத்துது பாருங்க, நல்ல வண்டிண்ணே” என்றான் மாயழகு.

ஒச்சு சோணையின் காதருகே குனிந்தான். “அண்ணே, மீனு போயிரும் போலயே. பெருசை எழுப்பிருவமா?”

“தோத்தாலும் சின்னதுதான் ஓட்டித் தோக்கணும்” என்றான் சோணை.

கோரையூர்க் கார் எண்பதாவது சுற்றில் இருந்தபோது கரண்டு போனது. ஃபேன் நின்றது. கோரையூர் லேப்டாப்பில் பெரிய சிப்பு பேட்டரியை உறிஞ்சிக் குடித்துவிட, கொஞ்ச நேரத்தில் அதுவும் கண்ணை மூடியது. நத்தைப்பட்டிக் கார் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. கோரையூர்க்காரர்கள் சாப்பிட்டு, படுத்து, எழுந்து வந்து பார்த்தபோது நூறாவது சுற்றை முடித்து நின்றது.

ஊர்ப் பெரியவரான அம்பலகாரர் பரிவட்டத்தோடு எழுந்தார். சோணை தலையைக் குனிந்து கொடுத்தான்.

“உழைச்சது யாருப்பா?” என்று முறைப்படி கேட்டார்.

ஒச்சு பொய் சொல்லத் தெரியாதவன். “சின்ன சிப்புதாங்கய்யா ஓட்டுச்சு. சோணை அண்ணன் பட்டனை அமுக்கிக்கிட்டுப் பக்கத்துல சும்மா இருந்தாரு.”

“அப்ப அதுக்கே கட்டுவோம். சோணை சொன்னதுதானே?”

சோணை குனிந்த தலையை அப்படியே வைத்துக்கொண்டான். அதற்குள் கொட்டாவி விட்டபடி மரத்தடியிலிருந்து பெத்தணன் எழுந்து வந்தான். பரிவட்டம் கட்டிக்கொண்டு பழகியவன் அல்லவா? அவனே லேப்டாப்புக்கு அழுத்தமாகக் கட்டி, தண்ணீரில் இறக்கிவிட்டான். அது முறைப்படி முங்கியது.

இரண்டு ஊரும் வலையோடு கரையில் நின்றது. மீன்கள் துள்ளி விழுந்துகொண்டிருந்தன.

“இன்னும் கரையேறலையே?” என்றார் அம்பலகாரர்.

“உள்ள ரெண்டு சிப்பு இருக்குல்லங்கய்யா, யாரு முதல்ல ஏறுறதுன்னு பேச்சு நடக்கும்” என்றான் மாயழகு.

“இறங்கிப் பாப்பமா?”

“ஐயையோ, ஒண்ணும் செய்யக் கூடாது! அதுவா எழும்பும்.”

சோணை மரத்தடியைப் பார்த்தான். பெத்தணன் மறுபடி தூங்கிப்போயிருந்தான்.

“சின்னது களைச்சுப் போயிருக்கும். இப்ப எழும்ப வேண்டியது பெருசு” என்றான் கசப்பாக. “எழும்பாது. எனக்குத் தெரியாதா?”

இரண்டு ஊரும் வலையை மடியில் போட்டுக்கொண்டு, ஒன்றும் செய்யாமல், பெரிய சிப்பு எழும்பக் காத்திருந்தது. மாயழகுவுக்கு மட்டும் தலை அரித்தது. கை தூக்கியதும் இரண்டு ஊரும் சேர்ந்து திரும்பி அவனை முறைத்தது.