துணை வந்தால் நின்றுவிடும்

போன தவக்காலத்தில், மீன் வாங்கிவிட்டு வரும் வழியில், என் மகள் சகாயராணிதான் எனக்கு இதை முதலில் சொன்னாள். அவள் பெங்களூரில் நரம்பு ஆராய்ச்சி செய்யும் ஒரு லேபில் வேலை பார்க்கிறாள். அங்கே நடந்தது. எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன்.

"இது ஏன் நின்னு போவுது, மேடம்?"

கேட்டவர் அமலதாஸ். தூத்துக்குடிப் பக்கம் விலங்கியல் வாத்தியாராக இருந்தவர். அவர் மேடம் என்றது ரஹ்மத் நிஷாவை. அவரிடமே பிளஸ் டூ படித்து, தவளையைத் தொடப் பயந்து அழுத பிள்ளை. இப்போது அந்த லேபுக்கே அவள்தான் பொறுப்பு.

அவள் அவரை விடாமல் சார் என்பாள். அவர் விடாமல் மேடம் என்பார். இதில் யார் குரு, யார் சீடன் என்று லேபில் பிள்ளைகள் கேலி செய்வார்களாம்.

வந்த காரணத்தில் கேலிக்கு இடமில்லை. அவருடைய ஒரே மகன் ஆன்றோ, ஆழம் தெரியாமல் கால்வாயில் தலைகீழாகக் குதித்துவிட்டான். தண்டுவடம் போயிற்று. நெஞ்சுக்குக் கீழே உணர்வில்லை. அறுந்தது திரும்ப வளராது என்று டாக்டர்கள் கையை விரித்தார்கள்.

மகனை அவன் தாயிடம் விட்டுவிட்டு, வேலையையும் விட்டுவிட்டு, பழைய மாணவி முன்னால் வந்து நின்றார் அமலதாஸ். நரம்பை வளர வைக்கக் கற்றுக் கொடு என்றார்.

நிஷா அவரை மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்தாள். எலிக்குஞ்சின் நரம்பு செல். கைபோல ஓர் இழையை நீட்டி நீட்டி வளரும். பிறகு நின்றுவிடும். அதைத்தான் ஏன் என்று கேட்டார்.

அவள் விளக்கிச் சொன்னாள். நரம்பு செல்லின் சுவரில் கால்சியம் நுழைய வாசல்கள் உண்டு. ஒவ்வொரு வாசலும் பல துண்டுகள் சேர்ந்தது. அதில் ஒன்று துணையலகு. லேபில் சுருக்கமாகத் துணை என்பார்கள். செல் இளசாக இருக்கையில் துணை குறைவு. முற்ற முற்றத் துணை கூடும், வாசல் நிலைக்கும், செல் பக்கத்துச் செல்லோடு பேசத் தொடங்கும். அதோடு வளர்வது நின்றுபோகும்.

"அப்ப துணையை எடுத்துட்டா?"

"எடுத்துப் பாருங்க, சார்."

மழை போய் வெயில் வந்தது. துணையை எடுத்த செல்கள் செத்தன. திரும்ப வைத்தார். திரும்பச் செத்தன. கிறிஸ்துமஸுக்குக்கூட அவர் ஊருக்குப் போகவில்லை.

மனைவி பவுலின் போனில் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆன்றோவுக்கு முதுகில் புண் வந்திருக்கிறது. சோற்றைத் தள்ளிவிடுகிறான். அப்பா எங்கே என்று முன்பெல்லாம் கேட்பான், இப்போது கேட்பதில்லை.

அவனுக்காகத்தானே இங்கே கிடக்கிறேன், கொஞ்சம் பொறு என்பார் இவர். போனை அவனிடம் கொடுக்கச் சொல்வார். அவன் வாங்க மாட்டான்.

ஒருநாள் காலையில் பார்த்தால், செல்கள் நிற்கவில்லை. அவற்றை வளர்த்த கண்ணாடித் தட்டு முழுக்க நீண்டு ஓடியிருந்தன.

அமலதாஸ் போய் நிஷாவைக் கூட்டிவந்தார். நின்றபடியே அழுதார். என் பிள்ளை எழும்பிவிடுவான் என்றார்.

நிஷா குனிந்து வெகுநேரம் பார்த்தாள். கால்சியம் நுழைந்தால் மின்னுகிற மருந்து ஒன்றைத் தட்டில் விட்டாள். மெல்லிய மின்கம்பியின் நுனியால் ஒரு செல்லைத் தொட்டாள்.

அது லேசாக மின்னியது.

அதன் நீண்ட கை பக்கத்துச் செல்லை உரசிக்கொண்டு போயிருந்தது. அந்தச் செல்லில் ஒன்றுமில்லை. இருட்டு.

மறுபடி தொட்டாள். மறுபடியும் இருட்டு.

"வளந்திருக்கு, சார். யாரோடயும் பேசல."

"எப்பப் பேசும்?"

"துணை வந்தா."

"துணை வந்தா நின்னுடுமே."

"ஆமா, சார்."

அமலதாஸ் எழுந்தார். அடுத்த தட்டை எடுத்தார். அது மேசையில் சாய்ந்து கொட்டியது. இன்னொன்றை எடுத்தார். நிஷா அதை வாங்கி வைத்துவிட்டாள்.

அப்போதுதான் அவருக்கு மேடம் மறந்துபோனது.

"சொல்லு பிள்ள. என் மவன் நடப்பானா?"

வகுப்பில் கேள்வி கேட்டால் நிற்பதுபோல அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"என்னைக்காவது யாராவது நடப்பாங்க, சார். ஆன்றோ நடக்க மாட்டான்."

டாக்டர்கள் சொன்னபோது அவர் காதில் விழாதது, இப்போது விழுந்தது.

மற்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தார்களாம். என் மகளும் அதில் ஒருத்தி.

"அப்ப நான் இங்க யாருக்கு இருக்கேன்?"

அவர் வைத்திருந்த லேப் சாவிக்கு நிஷா கையை நீட்டினாள்.

அவர் கொடுத்தார்.

அன்றைக்கே ரயில் ஏறினார் என்பதோடு என் மகளுக்குத் தெரிந்தது முடிகிறது. அந்தப் பையன் அவரோடு பேசினானோ என்னவோ. நீங்கள் இன்று செபம் சொல்லும்போது, ஆன்றோ என்கிற பேரையும் ஒரு தரம் சேர்த்துச் சொல்லுங்கள்.