நாலாவது அப்பாடா

வேல்மயில் அண்ணாச்சி இருபத்திரண்டு வருஷம் மலைப்பாதையில் லாரி ஓட்டியவர். எந்தக் கொண்டை ஊசி வளைவிலும் வண்டி அவர் பேச்சைத் தட்டியதில்லை. அப்பேர்ப்பட்டவர், விமானம் ஓட்டப் பழக வந்து, நேராகக் கிடக்கும் ஓடுபாதையில் சின்ன விமானத்தை மூன்று நாளாக இடப்பக்கம் விட்டுக்கொண்டிருந்தார். வானத்தில் சொன்னபடி கேட்கும். சக்கரம் தரையைத் தொட்டதும் மூக்கு திரும்பிவிடும். பக்கத்து சீட்டிலிருந்து பயிற்சி தரும் ஃபெலிசிட்டா மேடம் தன் பெடலை மிதித்துத்தான் மீட்க வேண்டியிருந்தது.

மேடத்துக்கு வயது முப்பத்து மூன்று. அண்ணாச்சிக்கு ஐம்பது. ஆனாலும் குரு குருதான்.

மூன்று முறையும் ஒரே இடம். அங்கே ஒரு பழைய டயர் தடம் இடப்பக்கம் வளைந்து கருவேலங்காட்டுக்குள் போயிருந்தது. போன வருஷம் ஞானராஜ் என்ற மாணவர் முதன்முதலாகத் தனியாக இறங்கிய தடம். காட்டிலிருந்து அவர் உயிரோடு வரவில்லை.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அண்ணாச்சிக்கு இருட்டுகூடத் தேவைப்படவில்லை. நாலாம் நாள் காலை, பளீரென்ற வெயிலில், ஏற மாட்டேன் என்று இறக்கையடியில் நின்றுவிட்டார்.

“மேடம், ஒண்ணு கேட்டா சிரிக்கக் கூடாது.”

“கேளுங்க அண்ணாச்சி.”

“அந்த இடம் வந்ததும் என் காலு ரெண்டும் செத்துப்போகுது. கை மட்டும் ஸ்டியரிங்கைத் திருப்புது. தரையில காலுதான் ஸ்டியரிங்னு தெரியும். தெரிஞ்சும் திருப்புதேன். ஞானராஜ் அங்கனதான் நிக்காரா?”

மேடம் சிரிக்கவில்லை. அண்ணாச்சிக்குப் பயம் கூடியது அதனால்தான்.

“மேக்காத்து மூக்கை இழுக்கத்தான் செய்யும். அது எல்லாருக்கும் இழுக்கு. உங்க காலைப் பிடிச்சது யாருன்னு கேப்போம்” என்று மேடம் போனை எடுத்தார்.

பயிற்சி நேரத்தில் விமானத்துக்குள் ஒரு சின்ன கேமரா ஓடும். ஹெட்போனில் பேசுவதெல்லாம் அதில் பதியும். மேடம் போனில் படத்தை மறைத்து, சத்தத்தை மட்டும் வைத்தார். எஞ்சின் இரைச்சல். சக்கரம் தரையில் உரசும் கிறீச். உடனே ஓர் ஆண் குரல், அலுத்துப்போய், சுகமாக:

“அப்பாடா.”

அண்ணாச்சி ஓரடி பின்வாங்கினார். “யாரு இது?”

மேடம் அடுத்ததை வைத்தார். கிறீச். அப்பாடா. அதற்கடுத்தது. அப்பாடா. நாலாவதிலும் அதே. நாலாவதில் அதன்பின் வேறு ஒரு சத்தம் கிளம்பியது. மேடம் சட்டென்று நிறுத்தினார்.

“எம் பிள்ளைங்க மேல சத்தியமா நான் அப்படிச் சொல்லல மேடம்.”

“சொன்னீங்க. மூணு நாளும் சொன்னீங்க. லோடு இறக்கி, வண்டியை ஷெட்ல விட்டா என்ன சொல்லுவீங்க?”

“அப்பாடாம்பேன்” என்றார் அண்ணாச்சி. இருபத்திரண்டு வருஷம், சாவியைத் திருகிக் காலை நீட்டும்போது வாயிலிருந்து தானாக விழுந்த சொல் அது. அது விழுந்ததும் காலும் வேலை முடிந்ததென்று ஓய்ந்துவிடும்.

பிறகுதான் அவருக்கு உறைத்தது. “நான் சொன்னது மூணு. நீங்க நாலு வச்சீங்களே?”

“அதுல ஒண்ணு உங்களுது இல்ல. எதுன்னு சொல்லுங்க.”

மேடம் வரிசையை மாற்றி, ஒவ்வொன்றையும் அப்பாடாவோடு நிறுத்தி வைத்தார். அண்ணாச்சி மறுபடி கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஓடுகிற லாரியில் எந்த நட்டு தளர்ந்திருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லும் காது அது. செத்தவன் குரல் எது, தன் குரல் எது என்று அதற்குப் பிரிக்கத் தெரியவில்லை. அவருக்கு அழுகை வந்தது.

“நாந்தான் ஞானராஜைத் தனியா அனுப்புனேன்” என்றார் மேடம். “விமானம் நொறுங்கிட்டு. கேமரா நொறுங்கல.”

அன்று ஐந்து முறை இறங்கினார்கள். அண்ணாச்சி பல்லைக் கடித்துக்கொண்டு, விமானம் அசையாமல் நிற்கும்வரை பெடலை மாற்றி மாற்றி மிதித்தார். காற்று இழுத்தது. மூக்கு திரும்பவில்லை.

ஐந்தாவது முறை நின்றதும், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே மேடம் கதவைத் திறந்து இறங்கினார்.

“இப்ப நீங்க மட்டும் போயிட்டு வாங்க.”

காலி சீட்டின் பெல்ட்டை, ஆள் இருப்பதுபோல இறுக்கிப் பூட்டினார். அண்ணாச்சி பெடலைச் சோதித்துப் பார்த்தார். அவர் மிதிக்க மிதிக்க, காலி சீட்டின் முன்னாலிருந்த பெடல்களும் கூடவே அசைந்தன.

“மேடம், அவரு வந்து இதுல உக்காந்துட்டாருன்னா?”

மேடம் கதவைப் பிடித்தபடி அந்த சீட்டின் பெல்ட்டை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார்.

“உக்காரட்டும் அண்ணாச்சி. பெடலை மட்டும் அவருகிட்ட குடுத்துராதீங்க.”