கடைசி இலை

"பாராட்டுன்னு ஒரு சொல் இருக்கே அம்மா, அது எங்கே பிறந்துச்சு?"

கேட்டவர் சடையப்பர். மடத்தில் சீடரும் அவர்தான், சமையலும் அவர்தான். தோளில் துணிமூட்டை. ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

மடத்தின் தலைவி செங்கமலம் அவரைவிட இளையவர். தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"எதுக்குக் கேக்குறீங்க?"

"எவனோ ஒருத்தன் சாப்பிட்டுட்டு, 'நல்லா இருந்துச்சுய்யா'ன்னு மொதல்ல சொல்லியிருப்பான். அப்படித்தானே பிறந்திருக்கும்? இந்த மடத்துல அந்தப் புண்ணியவான் இன்னும் பிறக்கலை."

உண்மைதான். அங்கே பந்தியில் பேசக் கூடாது. வருகிறவர்கள் சாப்பிடுவார்கள், இலையைத் தங்கள் பக்கமாக மடிப்பார்கள், எழுந்து போய்விடுவார்கள். சடையப்பர் அடுப்படியிலேயே கிடப்பார். எச்சில் இலை எடுப்பது தலைவியின் வேலை. நல்ல மடம், நல்ல வழக்கம்!

"அலுத்துப்போச்சும்மா. புகையில பாதிக் கண்ணு போச்சு. ஒரு வார்த்தை கேக்காமலே சாகப்போறேன்."

"எனக்கும் அலுப்பாத்தான் இருக்கு. இன்னைக்கு மட்டும் இலையை நீங்க எடுத்துட்டுக் கிளம்புங்க."

போகிற நேரத்தில் எச்சில் இலை வேறயா! சடையப்பருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் மூட்டையை இறக்கி வைத்தார்.

முதல் இலையில் கனமே இல்லை. பிரித்துப் பார்த்தார். ஒரு கறிவேப்பிலை, அவ்வளவுதான்.

அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததில் உப்பைக்கூட வழித்திருந்தார்கள்.

"அடப்பாவிகளா!" என்றார். சிரிப்பு வந்துவிட்டது.

கடைசி இலை கனத்தது.

பிரித்தார். சோறு, கூட்டு, பொரியல் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. ரசம் விட்ட இடம் மட்டும் துடைத்தாற்போல் கிடந்தது.

இலையோடு திரும்பி வந்தார்.

"யார் இலைம்மா இது?"

செங்கமலம் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்னோடது. அதை மட்டும் நானே எடுத்துரணும்னு நெனச்சேன். எழுந்திருக்க முடியலை."

"எத்தனை நாளா இப்படி?"

"மழை ஆரம்பிச்சதுலேர்ந்து. எதுவும் இறங்க மாட்டேங்குது. உங்க ரசம் மட்டும் இறங்குது."

அம்மாவின் கை எவ்வளவு இளைத்துப்போயிருக்கிறது என்று சடையப்பர் அப்போதுதான் பார்த்தார்.

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா எனக்காக இருந்துருவீங்க. உங்களுக்கு ஊர் ஞாபகம் வந்துடுச்சே."

சடையப்பர் மூட்டையைப் பார்த்தார். அதை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு நடந்தார்.

வாசற்படியில் நின்றார்.

"சாயங்கால ரசத்துல மிளகைக் கொஞ்சம் குறைச்சுக்கட்டுமா அம்மா?"

"வேண்டாம்," என்றார் செங்கமலம். "நல்லா இருக்கு."