எதிர்முறுக்கு நூல்

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இரண்டு பேரும் சேர்ந்து உடைத்தால் அது என்ன குடம்? கதையைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

ஆடு வளர்த்துக் கம்பளி நெய்து பிழைக்கும் ஊர் கரட்டுமேடு. அங்கே ஒரு வழக்கம். கல்யாணம் நிச்சயமானதும் மாப்பிள்ளை வீட்டார் ஓர் ஆட்டின் ரோமத்தைக் கத்தரித்தபடியே, முள்ளும் பிசுக்குமாகப் பெண்ணுக்கு அனுப்பிவிடுவார்கள். அவள் அதை அலசி, முள் பொறுக்கி, பிய்த்துத் திரியாக்கி, தக்கிளியில் நூற்று, ஊர்த் திருவிழாவுக்குள் சபையில் கொண்டுவந்து வைக்க வேண்டும். "இதில் தாய் கை படவில்லை, கூடப் பிறந்தவள் கை படவில்லை, தோழி கை படவில்லை" என்று சாமி முன்னால் சத்தியமும் செய்ய வேண்டும். பெண் வீட்டார் ஒரு சோம்பேறியைத் தலையில் கட்டிவிடக் கூடாதே என்று மாப்பிள்ளை வீட்டாருக்காகப் போட்ட காவல் அது. அந்த நூலில் நெய்த கம்பளியில்தான் மணமக்கள் உட்காருவார்கள்.

சிக்கம்மாவும் தன் மகன் பைரனுக்குப் பேசி முடித்த கெம்பிக்கு ரோமம் அனுப்பினாள். சிக்கம்மாவுக்கு இடக்கைப் பழக்கம். ஊரே தக்கிளியை ஒரு பக்கம் சுழற்றினால் அவளுக்கு மறுபக்கம்தான் வரும்; நூலின் முறுக்கும் எதிர்ப்பக்கமாக விழும். நூல் என்னவோ அத்தனை சீராக இருக்கும். ஆனாலும் பீச்சாங்கை நூல் நல்ல காரியத்துக்கு ஆகாது என்று ஒதுக்கிவிட்டார்கள். அவள் நூற்றதெல்லாம் சாக்குக்கும் ஆட்டுக்கயிற்றுக்குமே போயிற்று. தன் கல்யாணத்துக்கு வலக்கையால் அழுதுகொண்டே நூற்றவள் அவள். கெம்பி ஒருத்திதான் ஒருநாள் அவள் நூலைத் தடவிப் பார்த்து, "அத்தே, எவ்ளோ நைசா இருக்குது!" என்றாள். இந்தப் பெண் நம் வீட்டுக்குத்தான் என்று சிக்கம்மா அன்றே முடிவு கட்டிவிட்டாள்.

ரோமம் பாதி நூற்றிருந்தபோது கெம்பியின் வலது கட்டைவிரலில் நகச்சுற்று வந்துவிட்டது. விரலில் எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு துடித்தாள். திருவிழாவுக்குள் நூல் வராவிட்டால் பேச்சு முறிந்துவிடும். அவளுடைய தாய்மாமன் வேறொரு மாப்பிள்ளையைக் கைக்குள் வைத்துக்கொண்டு அதற்காகவே காத்திருந்தான்.

சிக்கம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. கெம்பி வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில் பின்வாசல் வழியாக உள்ளே நுழைந்து தக்கிளியை எடுத்தாள். பாவம், வலக்கையால்தான் நூற்கப் பார்த்தாள். பட்பட்டென்று அறுந்தது. கடைசியில் தனக்குப் பழகிய கையிலேயே நூற்று, கூடையில் வைத்துவிட்டு வந்தாள். மறுநாளும் போனாள், ரோமம் தீரும்வரை போனாள். கூடையில் நூல் ஏறுவதைப் பற்றிக் கெம்பி யாரிடமும் மூச்சு விடவில்லை. அவள் கவனிக்கவில்லை என்றே சிக்கம்மா நினைத்துக்கொண்டாள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா?

நூல் சபைக்கு வந்தது. கெம்பி தயங்காமல் சத்தியம் செய்தாள். நெசவுக்காரர் மல்லய்யன் இரண்டு கண்டுகளிலிருந்து இழை எடுத்துச் சேர்த்து முறுக்கினார். அவர் நெற்றி சுருங்கியது.

"கவுடரே, ஒண்ணை முறுக்கினா இன்னொண்ணு அவுருது. இது ரெண்டு கை நூலுங்க" என்றார் ஊர்த்தலைவரிடம்.

தாய்மாமன் துள்ளி எழுந்தான். "அப்போ மிச்சத்தை நூத்தது யாரு? சத்தியமே பொய்யா?"

கெம்பி ஒரு வார்த்தை பேசவில்லை. புண் ஆறிவரும் வலக்கை விரலை எல்லோருக்கும் தெரிய நீட்டிக் காட்டினாள். பிறகு நூலோடு கொண்டுவந்திருந்த தக்கிளியை இடக்கையில் எடுத்து, திரியை மாட்டிச் சுழற்றினாள். நூல் வந்தது. எதிர்முறுக்காகவே வந்தது.

"அட, விரல் நோவுல இந்தக் கையால நூத்திருக்குது புள்ள!" என்று கவுடர் சிரித்தார்.

சிக்கம்மாவுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. இந்தப் பெண் முதல் நாளே கண்டுபிடித்திருக்கிறாள். தன்னைக் காட்டிக்கொடுக்க மனம் வராமல், நோவோடு நோவாக இடக்கையைப் பழக்கியிருக்கிறாள். ஆனால் இப்போது வந்த நூல் முண்டும் முடிச்சுமாக இருந்தது. கண்டில் இருப்பதோ பல காலம் பழகிய கையின் நூல். அதை மல்லய்யனும் பார்த்துவிட்டார். சிக்கம்மாவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

சிக்கம்மா வாய் திறந்தால் கல்யாணம் நின்றுபோகலாம். கெம்பி தாய்மாமன் கைகாட்டும் வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும். வாயை மூடிக்கொண்டால், தனக்காக ஊரை ஏமாற்றிய உறுத்தலோடு அந்தப் பெண் காலமெல்லாம் தன் வீட்டில் வாழ வேண்டும்.

நீங்கள் சொல்லுங்கள்: சிக்கம்மா எழுந்து சொல்வது சரியா, பேசாமல் உட்கார்ந்திருப்பது சரியா?

விடை: எழுந்து சொல்வதுதான் சரி. கெம்பி செய்த சத்தியத்தில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. தாய், கூடப் பிறந்தவள், தோழி, இவர்கள் கைதான் ஆகாது. மாமியார் கையைப் பற்றி முறை வகுத்தவர்கள் மூச்சே விடவில்லை. அப்படியும் ஒரு மாமியார் பிறப்பாள் என்று அவர்கள் சொப்பனத்திலும் நினைத்திருக்க மாட்டார்கள்! இடக்கையால் நூற்றுக் காட்டியதைத் தவிர அந்தப் பெண் எதுவும் சொல்லவுமில்லை. முடிவு கட்டியவர் கவுடர். தவிர, மாப்பிள்ளை வீட்டுக்காக இருக்கும் காவலை மாப்பிள்ளை வீட்டுக்காரியே தளர்த்தினால் ஏமாந்தது யார்? சிக்கம்மாவை உட்கார வைத்தது முறை அல்ல, வெட்கம். அந்த வெட்கத்தை உதறிவிட்டு அவள் எழுந்தாள். "பாதி நூலு நான் நூத்ததுங்க. இந்தக் கையாலதான்" என்று இடக்கையைத் தூக்கிக் காட்டினாள். சத்தியத்தில் சொன்னவர்களைக் கவுடர் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, சரியென்று தலையசைத்தார். தாய்மாமன் துண்டை உதறிக்கொண்டு போய்விட்டான். மல்லய்யன்தான் இரண்டு நூலையும் வாரி மடியில் வைத்துக்கொண்டார். "சேத்து முறுக்கினாத்தானே அவுரும்? மருமக நூலை நெடுக்கப் பாவுக்கு வச்சுக்கறேன், மாமியா நூலைக் குறுக்க ஊடைக்கு விடறேன். கம்பளி கெட்டியா வரும், போங்க!"