கேபிளைக் கழற்றாத மூன்று நாள்

இரண்டு வழி வைத்திருப்பவர், ஒரு வழி வைத்திருப்பவரைவிட நிம்மதியாகத் தூங்குவார் என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. மனிதகுலத்தின் பெரும் பிழைகளில் இதுவும் ஒன்று. ஒரு வழி உள்ளவருக்கு ஒரே கவலைதான். இரண்டு உள்ளவருக்கு இரண்டு. போதாக்குறைக்கு, இந்த நிமிடம் எது வேலை செய்கிறது என்ற மூன்றாவதும்.

பிஸ்கட் ஆலையின் நெட்வொர்க்குக்குப் பொறுப்பாளரான இருதயராஜுக்கு மூன்றும் இருந்தன.

போன வருடம் ஒரு கேபிள் அறுந்தது. கட்டுப்பாட்டு அறையின் கட்டளை பிஸ்கட்டை நகர்த்தும் கன்வேயருக்குப் போகாமல், அறுபது மீட்டர் அடுப்புக்குள் இருந்த பிஸ்கட் முழுதும் கரியானது.

"இன்னொரு தடவை நடந்தா நீங்க வேற வேலை பாத்துக்கலாம்" என்றார் மேனேஜர்.

அதனால் இருதயராஜ் ஆலையைச் சுற்றிக் கேபிளை வளையமாக ஓட்டினார். ஒரு பக்கம் அறுந்தால், செய்தி மறுபக்கமாகப் போய்ச் சேரும்.

அன்றிலிருந்துதான் தூக்கம் போனது.

பல ஆலைகளுக்கு நெட்வொர்க் வடிவமைத்த பர்வீனை வரவழைத்தார். அவரைவிடப் பத்து வயது இளையவர். அவர் வந்ததும் வராததுமாக இருதயராஜ் கேட்டார்:

"மேடம், இதை நான் எப்போ நம்பலாம்?"

பர்வீன் சுவரிலிருந்த பெட்டியைத் திறந்து ஒரு கேபிளைத் தொட்டுக் காட்டினார்.

"இதைக் கழற்றுங்க சார்."

"இப்பவா? அடுப்பு ஓடுது மேடம்!"

"வளையம் போட்டது யாரு?"

"நான்தான்."

"கழற்றினா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. மறுபக்கமா போகும்."

"அப்ப கழற்றுங்க."

இருதயராஜ் கையை நீட்டினார். கை பாதி தூரம் போய், நெற்றியைத் துடைத்துவிட்டுத் திரும்பி வந்தது.

மறுநாளும் அதே கதை.

"நாளைக்குக் கண்டிப்பா, மேடம்."

"அவசரமே இல்ல சார். உங்க கேன்டீன் டீ நல்லாருக்கு."

மூன்றாம் நாள், கழற்றுவதற்கு முன் வளையம் முழுவதையும் ஒருமுறை நடந்தே பார்த்துவிடுவது என்று கிளம்பினார். பாதியில் ஓடி வந்தார். சட்டை நனைந்திருந்தது.

"மேடம், பேக்கிங் கூடத்துக்குப் பின்னால ஏற்கனவே அறுந்து கிடக்கு. எலி கடிச்சிருக்கு."

"எப்போ?"

"யாருக்குத் தெரியும்? கடிச்ச இடத்துல தூசி படிஞ்சிருக்கு. மாசக்கணக்கா இருக்கும். லைன் ஒரு நாள்கூட நிக்கலையே!"

"நல்ல வளையம் சார். சத்தம் போடாம வேலை பாத்திருக்கு."

இருதயராஜ் சுவரிலிருந்த பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"முதல் நாள் நீங்க சொன்னப்பவே கழற்றியிருந்தா?"

"எல்லாம் கரியாயிருக்கும்."

"அது உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

"தெரியாது. தெரிஞ்சுக்கத்தான் கழற்றச் சொன்னேன்."

அன்று மாலை எலி கடித்த இடத்தில் புதுக் கேபிள் போடப்பட்டது. மறுநாள் காலை பத்து மணிக்கு, அடுப்பு நிறைய மாவு வெந்துகொண்டிருக்கையில், யாரும் சொல்லாமலே இருதயராஜ் பெட்டியைத் திறந்து கேபிளைப் பிடுங்கினார்.

கட்டளை மறுபக்கமாகத் திரும்ப எடுத்துக்கொண்ட ஒரு கணத்தால், அன்றைய பிஸ்கட்டில் ஒரு வரிசை மட்டும் வழக்கத்தைவிடச் சற்றுச் சிவந்து வெளியே வந்தது.